நாற்பத்தாறில் ஓர் எட்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நடுத்தெருவில் அணைந்துபோனால் அது ஒருவருடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது. பின்னால் அரிசி மூட்டை ஏற்றிய லாரி. முன்னால் ஒரு கைவண்டி. ஒரு பக்கம் மிளகுக் கிடங்கின் வாசல், இன்னொரு பக்கம் டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு சுமைதூக்கும் தொழிலாளிகள். நடுவில், சிவப்பு எல் போர்டு ஒட்டிய பழைய பல்சர் மீது, ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கிக்கொண்டு நான்.

முன்னால் தன் வண்டியில் போய்க்கொண்டிருந்த ஆசான் வளைவில் மறைந்துவிட்டார். என் வண்டி இரண்டாவது கியரில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது. "சாரே, நியூட்ரல்! நியூட்ரல்!" என்று நாலைந்து குரல்கள். ஒருவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, குழந்தையின் கையைப் பிடித்து அரிச்சுவடி எழுத வைப்பதுபோல் என் இடது கையைப் பிடித்துக் கிளட்சை அழுத்தினார். வண்டி உயிர் பெற்றது. "எத்ர வயஸாயி?" என்று கேட்டார். நாற்பத்தாறு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தமிழ்நாட்டில் நாற்பத்தாறு வயது ஆண் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. நீச்சல் தெரியாது என்றால் ஒத்துக்கொள்வார்கள். பைக் தெரியாது என்றால் உடம்புக்கு ஏதோ என்று நினைப்பார்கள். பத்திரிகைத் தொழிலில் இந்தக் குறை இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் அதை மறைக்கத் தொழிலிலேயே ஒரு வழியும் உண்டு. நிருபர் என்பவர் போட்டோகிராபரின் பின் ஸீட்டில் உட்கார்ந்து போகிறவர். இருபது வருடம் நான் அப்படித்தான் போனேன். மூன்று போட்டோகிராபர்களின் முதுகு எனக்கு மனப்பாடம். ஒருவருடைய சட்டைக் காலரில் எப்போதும் சந்தன வாசனை இருக்கும். ஒருவர் பிரேக் போடும் முன் தோளைச் சற்று உயர்த்துவார். வெள்ளம், தேர்தல், ஹர்த்தால் எல்லாவற்றையும் ஒரு தோளுக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளனும் கொஞ்சம் அப்படித்தான், வண்டி இன்னொருவருடையது என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். அதை ரசித்தேன் என்று சொல்ல முடியாது.

காரணம் சோம்பேறித்தனம் அல்ல. ஒரு சத்தியம்.

1996இல் என் அண்ணன் மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில், திருமங்கலம் தாண்டி, விளக்கில்லாமல் இரவில் நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கம் மோதி இறந்தான். அவனுக்கு 23 வயது. எனக்கு 17. தலையைத் தவிர உடம்பில் வேறு காயம் கிடையாது. ஹெல்மெட் வீட்டில் பீரோ மேல் இருந்தது. வண்டி புல்லட். திருவொற்றியூரில் தயாராகிவந்த, ஆங்கிலேய வழக்கப்படி கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்த பழைய புல்லட். பிற்பாடு வந்தவற்றில் இது மாறிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா என்னைப் பூஜை அலமாரி முன் நிறுத்தி, "இனிமே இந்த வீட்டு ஆம்பிளைங்க யாரும் ரெண்டு சக்கரத்துல கை வைக்கக் கூடாது" என்று விளக்கில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

நான் கை வைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தேன். சத்தியத்தில் அது சேராது என்று பதினேழு வயதில் கண்டுபிடித்த வியாக்கியானத்தை நாற்பத்தாறு வரை வைத்திருந்தேன். எம்.ஏ. தமிழில் உரையாசிரியர்களைப் படித்ததன் பலனாக இருக்கலாம். ஆம்பிளைங்க என்ற சொல்லால் என் மனைவியும் தப்பித்தாள். அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அம்மா அதன் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள். ஸ்கூட்டர் அவள் கணக்கில் வேறு ஜாதி.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பெரிய அபத்தம் இருக்கிறது. பின் ஸீட்டில் இருப்பவனுக்கு பிரேக் கிடையாது. வளைவை அவன் முன்கூட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆபத்து அதே ஆபத்துதான், அதன்மேல் அதிகாரம் மட்டும் இல்லை. இருபது வருடம் நான் அம்மாவின் பயத்தைக் காப்பாற்றினேனே தவிர என்னைக் காப்பாற்றிக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

கடைசி போட்டோகிராபர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ் கிடைப்பது கஷ்டம், ஆட்டோவுக்குக் கட்டாது, அதனால் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். 2025இல் மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ வந்து என் வாதத்தைப் பாதி கெடுத்தது. மீதியை அவளே கெடுத்தாள். "என் ஸ்கூட்டர் சும்மாத்தானே நிக்குது?" என்றாள். பதில் இல்லை. தேவை என்பது ஊருக்குச் சொன்னது. ஆசை என்பதுதான் நிஜம். கியர் வைத்த வண்டி, கால்களுக்கு நடுவில் என்ஜின் வைத்த வண்டி, அண்ணன் ஓட்டிய மாதிரி வண்டி.

நடுவயதில் இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததல்ல என்று அறிய ஒரு புத்தகம் உதவியது. டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 1973இல் டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பியபோது அவருக்கு வயது 42. அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பெரிய அனுபவம் எதுவும் இல்லை. நான்கு வருடப் பயணம், இந்தியா உட்பட. அதைத்தான் 'ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்' என்று எழுதினார். எழுபதை நெருங்கும்போது, 2001இல், அதே பாதையில் மறுபடி கிளம்பினார். அவர் உலகைச் சுற்றினார். எனக்குத் தோப்பும்படிப் பாலம் தாண்டினால் போதும்.

நாற்பது என்பது ஒரு கோடு என்பதை அரசாங்கம் மறக்க விடுவதில்லை. நாற்பது தாண்டியவர் லேர்னர்ஸ் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் படிவம் 1ஏ என்று ஒன்றை டாக்டரிடம் பூர்த்தி செய்து வாங்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் தாங்களே 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். என்னுடைய வார்த்தை செல்லாத வயதுக்கு வந்துவிட்டேன். டாக்டர் கண்ணைச் சோதித்தார், கைகளை நீட்டச் சொன்னார், நிறங்களைக் கேட்டார். "எதற்கு இந்த வயதில்?" என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை.

கேரளத்தில் டிரைவிங் கற்றுத் தருகிறவரை ஆசான் என்பார்கள். களரிக்கும் அதே சொல்தான். என் ஆசான் அறுபதை ஒட்டியவர், வெள்ளை முண்டு, மடித்துக் கட்டியபடியே வண்டி ஓட்டுவார். முதல் நாள் என்னிடம் அவர் பேசியது மோட்டார் சைக்கிள் பற்றி அல்ல, எம்80 பற்றி. பஜாஜ் எம்80 என்ற சின்ன வண்டிக்குக் கேரளத்தில் இரண்டு பிழைப்பு இருந்தது. ஒன்று, பின்னால் பெட்டி கட்டி மீன் விற்பது. இன்னொன்று, லைசென்ஸ் டெஸ்ட். அதற்கு கியர் கையில், ஸ்கூட்டர் மாதிரி. எடை குறைவு, திருப்ப எளிது. தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பிறகும் டிரைவிங் ஸ்கூல்களில் அது உயிரோடிருந்தது. மாநிலத்தின் ஆண்களில் பெரும் பகுதி எம்80ல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி, அன்று மாலையே வேறு வண்டியில் ஏறினார்கள். 2024 ஆகஸ்ட் முதல் அந்தக் கதை முடிந்தது. காலால் கியர் மாற்றும், 95 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் டெஸ்ட் என்று போக்குவரத்துத் துறை உத்தரவு போட்டது.

நியாயமான உத்தரவுதான். ஓட்டப்போகும் வண்டியில்தானே பரீட்சை எழுத வேண்டும்? ஆனால் ஆசானுக்குத் துக்கம். அவரது எம்80 ஸ்கூல் ஷெட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் நின்றது. "சாரே, ஒரு வருஷம் முன்னே வந்திருந்தா நாலு நாளில் முடிச்சிருக்கலாம்" என்று பாதித் தமிழில் சொன்னார். இருபத்தொன்பது வருடம் தாமதமாக வந்தவனிடம் ஒரு வருடக் கணக்கு.

கற்றுக்கொண்டது வெளி மைதானத்தில். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழில் என்ன அர்த்தமோ கிட்டத்தட்ட அதுவேதான், திறந்த வெளி. காலையில் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். ஒரு ஓரத்தில் நாங்கள். என்னோடு கற்றவர்கள் எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது. முதல் நாளே அங்கிள் ஆனேன்.

வெளிக்குப் பக்கத்தில் தோபிகானா. தமிழ்நாட்டிலிருந்து டச்சுக்காரர்கள் காலத்தில் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் கல் தொட்டிகளில் துவைத்து, கயிற்றின் முறுக்கிலேயே துணியைச் செருகிக் காயப்போடுகிறார்கள். கிளிப் கிடையாது. முன்பு ஒரு கட்டுரைக்காக அங்கே போயிருக்கிறேன், வழக்கம்போலப் பின் ஸீட்டில். இப்போது அங்கிருந்து வேலிக்கு மேலாக ஒரு பெரியவர் என் பயிற்சியை தினமும் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், நூற்றாண்டுகளாக மலையாளத்தின் நடுவில் இருந்தும் கரையாத தமிழில், "தம்பி, கிளச்சை விடாதே, பாதியிலே பிடி. இஸ்திரிப் பெட்டி மாதிரி. அமுக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது" என்றார். ஆசான் பத்து முறை சொல்லிப் புரியாதது அதில் புரிந்தது.

எட்டு போடுவது என்பது வெளியிலிருந்து பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். நடக்கும் வேகத்துக்கும் கீழே போனால் அந்த உதவி இல்லை. ஒவ்வொரு நொடியும் விழப் பார்க்கிற வண்டியை, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பி நிறுத்திக்கொண்டே போக வேண்டும். ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவில், கிளட்ச் பாதியில், வலது கால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி. முன் பிரேக்கைத் தொட்டால் தீர்ந்தது. கால் தரையில் பட்டால் தோல்வி, கம்பத்தில் பட்டால் தோல்வி. பதினெட்டு வயதுப் பையன்கள் இதை யோசிக்காமல் செய்தார்கள். நான் யோசித்தேன், அதுதான் வியாதி. உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியதை மூளை குறுக்கே விழுந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. கிளட்ச் என்று ஆசான் சொன்னதும், கிளட்ச் எந்தக் கை, எந்தப் பக்கம் என்று ஒரு வினாடி. அந்த வினாடியில் வண்டி கீழே.

இதெல்லாம் போகக் கண் இருக்கிறது. எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் வண்டி போகும். கம்பத்தில் இடிக்கக் கூடாது என்று கம்பத்தையே பார்த்தால் கம்பத்தில்தான் போய் இடிக்கும். இடிக்காமலிருக்க அதைப் பார்க்காமல், போக வேண்டிய வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். "பேடிக்கண்டா சாரே, நோக்கு, நோக்கு" என்பார் ஆசான். மலையாளத்தில் பேடி என்றால் பயம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றான பேடியாடல் படித்துவிட்டு வந்தவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முதல் வாரம் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் சுருக்கென்றது.

இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை மழையில், அரச இலைகள் ஒட்டிக் கிடந்த தாரில், பின் சக்கரம் வழுக்கி. முழங்கால் வீங்கியது. படியில் சறுக்கியதாக அம்மாவிடம் சொன்னேன். இந்த வயதில் விழுவது வலியைவிட ஆச்சரியமாக இருக்கிறது. தரை எவ்வளவு அருகில் இருந்திருக்கிறது என்று.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அரேபியாவின் லாரன்ஸ் நினைவுக்கு வந்தார். டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தன் ப்ரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க ஒதுங்கித் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். வயது 46. என் வயது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் ஒருவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் ஹெல்மெட் உயிர் காக்கும் என்று எழுதினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் தகவல் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது அந்தச் சமயத்தில்தான். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு 1988இல் வந்தது. என் அண்ணனுக்கு எட்டு வருடம் முன்னால். பீரோ மேல் இருந்த ஹெல்மெட்டுக்கு அது தெரியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். பத்திரிகைக்காரனாக இந்த மாதிரி எண்களை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அம்மாவின் பயத்தை மிகை என்று சொல்ல எந்த எண்ணும் உதவாது.

ஆனால் மட்டாஞ்சேரி வேகமாகப் போய்ச் சாகக்கூடிய ஊர் அல்ல. கற்றுக்கொள்ள இதைவிடச் சிரமமான ஊரும், இதைவிடப் பாதுகாப்பான ஊரும் கிடையாது. இந்தத் தெருக்கள் போடப்பட்ட காலத்தில் சரக்கு தண்ணீர் வழியாக வந்தது. பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளுக்கு ஒரு வாசல் தெருவுக்கு, இன்னொரு வாசல் காயலுக்கு. வள்ளத்தில் வந்த மூட்டை பின்வாசலில் ஏறி முன்வாசலில் கைவண்டிக்கு மாறும். பிறகு லாரி வந்தது, தெரு அகலமாகவில்லை. போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்து டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய அரண்மனை 1555ஐ ஒட்டியது. பரதேசி ஜெபாலயம் 1568. அந்தக் காலத்து அகலத்தில், இந்தக் காலத்துப் போக்குவரத்து.

பின் ஸீட்டிலிருந்து இருபது வருடம் பார்த்த ஊரை நான் பார்த்ததே இல்லை என்று வண்டியில் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பின்னால் இருப்பவன் கட்டடங்களைப் பார்க்கிறான். ஓட்டுகிறவன் தரையைப் பார்க்கிறான். யூதத் தெருவில் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, செர்லாயில் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயில் திருப்பத்தில் எந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், பஜார் ரோட்டில் மிளகு சிந்திக் கிடக்கும் இடம் எது. மிளகு மணிகள் மேல் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று சுற்றுலாப் பயணி ஒருவரும் கேட்டதில்லை. முகக் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் வாசனை உள்ளே வரும். சுக்கு, பிறகு மிளகு, பிறகு பூண்டு, பிறகு சேறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், மூடக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

குஜராத்தி ரோட்டில் எனக்குப் புறாக்களோடு தகராறு. அங்குள்ள தர்மநாத் ஜெயின் கோயிலில் மதியம் புறாக்களுக்குத் தானியம் போடுவார்கள். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, ஒரு வட்டம் எழும்பி, மறுபடி இறங்கும். ஒரு நாள் அந்த நேரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் அத்தனை இறகுகளின் சத்தம். பயத்தில் கிளட்ச், பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வண்டி அணையாமல், விழாமல் நின்றேன். யாரும் சொல்லாமல் கைகள் தாமாகச் செய்தன. ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டால் லைசென்ஸில் இருக்கும் தேதியைச் சொல்ல மாட்டேன், இதைச் சொல்வேன்.

இந்த ஊரில் மூன்றாவது கியருக்கு வேலையில்லை. முதல் கியர், இரண்டாவது, கால் தரையில், மறுபடி முதல். அவசரப்பட்டு ஹாரன் அடித்தால் மூட்டை சுமப்பவர் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. 1953 செப்டம்பரில், வேலைக்கு அடையாளமாகக் கூட்டத்தின் நடுவில் உலோகச் சாப்பா வில்லைகளை விட்டெறிந்து அடித்துப் பிடிக்க வைக்கும் முறைக்கு எதிராக மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளிகள் போராடினார்கள். போலீஸ் நடவடிக்கையில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' என்ற படம் அதைப் பற்றியது, 2023இல் வெளிவந்தது. இப்போது மூட்டை தூக்குகிறவர்களுக்கு யாரும் ஹாரன் அடித்து வழி கேட்பதில்லை. காத்திருப்பார்கள். நானும் காத்திருக்கப் பழகினேன். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

முதல் டெஸ்டில் தோற்றேன். எட்டின் முதல் வளையம் சரியாக வந்தது. இரண்டாவதில் பாதி தாண்டியதும், முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த இடத்துக்கு வண்டி போனது. கால் ஊன்றினேன். எனக்குப் பின்னால் நின்ற பையன்கள் "அய்யோ அங்கிளே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி போய், யாரையும் பார்க்காமல், எட்டை முடித்து, ரோடு டெஸ்டும் முடித்தேன். முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் வாங்குகிறவர்களுக்கு லைசென்ஸ் பத்து வருடம் செல்லும். அதற்குப் பிறகு தவணை சுருங்கிக்கொண்டே போகும். மனிதர்களின் வயதை இவ்வளவு நேராகச் சொல்லும் காகிதம் வேறில்லை.

கே.எல். 43 என்று மட்டாஞ்சேரிப் பதிவெண்ணோடு ஒரு பழைய வண்டி வாங்கி, தெருமுனையில் நண்பர் வீட்டில் நிறுத்திவைத்தேன். அம்மாவிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவன் இரண்டு தெரு நடந்துபோய் ஒளித்து வைத்த வண்டியை எடுப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும். அவள் சொல்லிக் காட்டவில்லை, ஒவ்வொரு நாள் காலையும் "நடந்தா போறீங்க?" என்று மட்டும் கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என் ஷூ ஜோடி அவள் மடியில். வலது ஷூ பளபளப்பாக இருந்தது. இடது ஷூவின் மூக்குப் பக்கம், விரல்களுக்கு மேலே, தோல் உரிந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்திருந்தது. கியர் லீவரைக் கீழிருந்து தூக்கித் தூக்கித் தேய்ந்த இடம். அது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

"அவனுக்கு வலதுல தேயும்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா" என்றேன்.

ஷூவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேத்தியிடம் சொல்லி என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் தயாராக வைத்திருந்த வாதங்களுக்கு வேலை இருந்திருக்கும். பின் ஸீட் பற்றி, ஹெல்மெட் பற்றி, பிரேக் பற்றி. ஐந்தாம் நாள் அவையெல்லாம் எனக்கே சலித்துவிட்டன. ஆறாம் நாள் காலை நண்பர் வீட்டிலிருந்து வண்டியை எடுத்து வந்து எங்கள் வாசலிலேயே நிறுத்தினேன். ஒளிக்கிற வயது தாண்டிவிட்டது என்று பட்டது. அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

அன்று அதிகாலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்தரை மணிக்கு, தோப்பும்படியிலிருந்து பழைய ஹார்பர் பாலம் வழியாக வில்லிங்டன் தீவுக்குப் போனேன். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் உண்டாக்கிய தீவு அது. மட்டாஞ்சேரியில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது, அகலமான, நேரான, ஆளில்லாத சாலை. மழை மரங்கள் இரண்டு பக்கமும். முதல் முறையாக நாலாவது கியர் போட்டேன். என்ஜின் சத்தம் தணிந்து, கைப்பிடியின் நடுக்கம் நின்று, வண்டி தானே போவதுபோல் போனது. அண்ணன் இதைத்தான் பார்த்தானா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு எதிரே கன்டெய்னர் லாரி வந்தது. மூன்றாவதுக்கு இறங்கினேன்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றும்வரை பார்த்துவிட்டு, "போனா சேர்ந்ததும் போன் பண்ணணும்" என்றாள். பேத்தி மூலமாக அல்ல, நேராக.

அடுத்த வாரம் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஷூவைப் போட்டால் இடது கால் கொஞ்சம் கனமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். தேய்ந்த இடத்தின் மேல் கறுப்புத் தோலில் ஒரு ஒட்டு, சுற்றிலும் தடித்த நூலில் தையல். அரண்மனைச் சாலையில் மரத்தடியில் உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இத்தனை வருடத்தில் மலையாளம் வரவில்லை. எப்படிச் சொல்லிப் புரியவைத்தாள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் புரிஞ்சிடும். ரெண்டுலயும் வைக்கணும்னு நின்னான். எதுக்கு தண்டச் செலவு, இவனுக்கு இடது மட்டும்தான்னு காட்டினேன்" என்றாள்.